காமிரா வரட்டும், சாவி யாரிடம்?

போலீஸ்காரர் சட்டையில் காமிரா வேண்டுமா, வேண்டாமா என்று வாதம் நடக்கிறது. வேண்டும் என்பதே நம் கட்சி. ஆனால் காமிரா வந்தால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்று கதை அளப்பவரோடு நாம் சேரமாட்டோம்.

தோட்ட மக்களுக்கு இது புரியாத காரியமல்ல. பால் நிறுக்கத் தராசு என்றும் இருந்தது. தராசு இருந்ததால் எடை சரியாக விழுந்ததா? முள்ளைப் பார்ப்பதும் கணக்கை எழுதுவதும் ஒரே கையாக இருந்தவரை நம் பால் குறைந்துகொண்டேதான் போயிற்று. (கிராணிமார் கோபிக்க வேண்டாம். குறைக்கச் சொன்னவர் யார் என்பது அவர்களுக்கும் தெரியும்.)

1948 டிசம்பரில், பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பிரிட்டிஷ் படையினர் ஆயுதமில்லாத 24 சீனர்களைச் சுட்டுக் கொன்றனர். தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்றது அரசாங்கம். அது பொய் என்று படைவீரர் சிலரே சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் 1970இல்தான் லண்டன் பத்திரிகையில் வந்தது. இருபத்தோரு வருஷம்! அன்று காமிரா இருந்திருந்தால்? படம் அதே பட்டாளத்தின் பெட்டியில் அல்லவா பூட்டிக் கிடந்திருக்கும்!

இது வீண் சந்தேகமல்ல. 2011இல் ஆப்கானிஸ்தானத்தில், காயம்பட்டுக் கிடந்த கைதியை ஒரு பிரிட்டிஷ் படைவீரர் சுட்டுக் கொன்றார். கூட இருந்தவரின் தலைக்கவசக் காமிராவில் எல்லாம் பதிவாயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுவருஷம், வேறொரு விசாரணைக்காகப் போலீஸார் ஒரு வீரரின் கணினியைச் சோதித்தபோதுதான் படம் சிக்கியது.

காமிராவால் பயனே இல்லை என்பாரும் உண்டு. 2012இல் அமெரிக்காவில் ரியால்ட்டோ என்ற சிறு நகரில் காமிரா மாட்டினார்கள்; போலீஸ் மீதான புகார்கள் வெகுவாகக் குறைந்தன. வாஷிங்டனில் 2,000க்கு மேற்பட்ட போலீஸாரை வைத்துச் சோதித்து 2017இல் முடிவு சொன்னார்கள்: குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. நல்ல போலீஸ்காரரைப் பொய்ப் புகாரிலிருந்து காமிரா காக்கும் என்பதையும் நாம் மறுக்கவில்லை.

நம் வீட்டுக்கு வருவோம். 2009இல் சுபாங் ஜெயா போலீஸ் காவலில் குகன் என்னும் 22 வயதுத் தமிழ் இளைஞர் மாண்டார். தண்ணீர் குடித்தார், விழுந்தார் என்றார்கள். குடும்பம் போராடி நடத்திய இரண்டாவது பிரேதப் பரிசோதனை அடியைச் சொன்னது. 2013இல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. அந்த அடி விழுந்தது நடுத்தெருவில் அல்ல, நாலு சுவருக்குள்ளே. ரோந்து போகும்போது எரிகிற காமிரா அங்கே அணைந்துவிட்டால் நமக்கென்ன லாபம்?

இன்னொன்றும் உண்டு. சட்டையில் மாட்டிய காமிரா, மாட்டியவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவர் முகத்தைத்தான் பார்க்கிறது. நாளை மறியலில் நிற்கும் தொழிலாளியின் முகமும், சோதனை நடக்கும் வீட்டுப் பெண்களின் முகமும் அதில் ஏறும். அந்தப் படங்கள் முதலாளி மேசைக்குப் போகாது என்று யார் உத்தரவாதம் தருவார்?

ஆகவே நாம் கேட்பது இது: கைது செய்யும் கணத்திலிருந்து லாக்கப்பிலும் காமிரா ஓடவேண்டும். படத்தின் பிரதி அன்றே போலீஸுக்கு வெளியே உள்ள கைக்குப் போகவேண்டும். அடிபட்டவரின் குடும்பமும் வக்கீலும் கேட்டால் காட்டவேண்டும். குற்றமில்லாதவர் படத்தை அழிக்கவேண்டும். காமிரா அணைந்திருந்தால் பதில் சொல்லவேண்டியவர் போலீஸ்காரர், செத்தவரின் தாயல்ல.