பழுதும் படிப்பினையும்

எமது ஊராகிய புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது என்பதை அன்பர்கள் அறிவர். ஆலையில் வார் அறுந்தால், அறுந்த வார் கண்முன்னே கிடக்கும்; மாற்றியதும் ஆலை ஓடும். கணிப்பொறியின் பழுதோ கண்ணுக்குப் புலனாவதன்று. ரேஷன் கடையிலோ பாங்கியிலோ அது நின்றுவிட்டால், "மிஷின் வேலை செய்யவில்லை" என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிகின்றது. ஒரு நாட்கூலியை இழந்து வரிசையில் நின்றவள் வெறும் பையுடன் வீடு திரும்புகின்றாள். காரணத்தை ஆராயாது விடும் இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம்.

இத்துறை அறிஞர் பழுதை மூன்று படிகளாகப் பகுப்பர். அமைப்பினுள் ஒளிந்து கிடப்பது குறை. அது தலைதூக்கிக் கணக்கைத் திரிப்பது பிழை. அப்பிழையால் வேலை கெடுவது தோல்வி. தோல்வியை மாத்திரம் கண்டு வருந்தி ஓய்வோர், குறையை மறு தோல்விக்கு வித்தாக விட்டுச் செல்கின்றனர்.

நம் நாட்டு நிகழ்ச்சியொன்றே இதற்குச் சான்று பகரும். 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் என்னும் கலம் நிலவில் மோதிச் சிதைந்தது. நம் விண்வெளி ஆராய்ச்சியாளர் விதியை நொந்துகொண்டிருந்தாரல்லர், காரணத்தைத் துருவினர். எஞ்சின்கள் எதிர்பார்த்ததினும் மிகுதியாக உந்தின; சிறு பிழைகள் திரண்டன; கலம் விரைந்து திரும்ப வேண்டிய தருணத்தில், அத்துணை விரைவு நேருமென எண்ணாது எழுதிய மென்பொருள் அதற்கு இடந்தரவில்லை. இறங்க வகுத்த இடமும் 500 மீட்டர் சதுரமே.

அடுத்த கலத்தை அமைக்கையில், "எவையெவை தவறக்கூடும்?" என்ற வினாவையே முதலில் எழுப்பினர். இடம் 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிந்தது, கால்கள் வலுப்பெற்றன, எரிபொருள் கூடியது, மென்பொருளும் திருத்தமுற்றது. விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்களைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் இனிதே இறங்கியது.

ஒன்றுக்கு இரண்டு கணிப்பொறி வைத்தால் போதாதோ எனின், போதாது. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியன்-5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிஷத்துக்குள் வெடித்தது. வழி காட்டும் கருவிகள் இரண்டிருந்தும், இரண்டும் முந்தைய ஏரியன்-4 ராக்கெட்டுக்கு எழுதிய ஒரே நிரலை ஏற்றிருந்தன. ஓர் எண் தனக்குரிய இடத்தில் அடங்காது மிகவே, இரண்டும் ஒருசேர நின்றன. ஒரே குறையுடைய இருவர் ஒருவருக்கொருவர் துணையாகார்.

ஆதலின் மாணவ நண்பர்களே! பரிசோதனைச் சாலையில் கணிப்பொறி நின்றால், உடனே அணைத்து மீண்டும் இயக்கி மறந்துவிடாதீர்கள். எப்பொழுது நின்றது, அதற்குமுன் என்ன செய்தோம் என்று குறித்து வையுங்கள். "யார் கெடுத்தார்?" என்று கேட்பின் உண்மை ஒளிந்துகொள்ளும், "எவ்வாறு கெட்டது?" என்று கேட்பின் அது வெளிவரும். நாளை நீங்கள் அமைக்கும் பொறியை நம்பி எங்கோ ஒரு தாய் வரிசையில் நிற்பாள். அவள் வெறும் பையுடன் திரும்பாதிருப்பதே நம் கல்வியின் பயன்.