டிரேடு என்ன மாப்ள?

காலை ஐந்தேகால். திண்டுக்கல் மலைக்கோட்டை இன்னும் இருட்டோடு இருட்டாக நிற்கிறது. மாவட்ட விளையாட்டு அரங்கத்தின் வாசலில் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்க, உள்ளே முப்பது பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேர் வெறுங்கால். வேடசந்தூரிலிருந்தும் வடமதுரையிலிருந்தும் நாலரைக்கே கிளம்பி வந்தவர்கள் அதில் உண்டு. என் அக்கா மகனும் ஒருவன். ஸ்டாப்வாட்ச் என் கையில்.

ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. நானூறு மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, ஒரு சுற்றுக்கு எண்பத்திரண்டரை விநாடி. அன்று அவன் எடுத்துக்கொண்டது 5 நிமிடம் 41. சுற்றுக்கு மூன்று விநாடிகூடக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்று விநாடிக்காக அவன் பதினொரு மாதமாக விடியுமுன் எழுகிறான். ஓட்டம் முடிந்ததும் பீம். கம்பியில் தொங்கி உடலைப் பத்து முறை மேலே தூக்கினால் 40 மதிப்பெண். அவன் பன்னிரண்டு தூக்குகிறான். அவன் உள்ளங்கையைப் பார்த்தால் உழுகிறவன் கை மாதிரி காய்த்துப் போயிருக்கிறது.

டீக்கடையில் உட்கார்ந்தபோது கேட்டேன்.

“டிரேடு என்ன போடப் போற மாப்ள?”

“ஜி.டி.தான் மாமா. எல்லாரும் அதைத்தான் போடுறாங்க.”

எனக்கு மனசு கனத்துவிட்டது. இந்தக் காலுக்கும் கைக்கும் பதினொரு மாத உழைப்பு. எந்த வேலைக்குப் போகிறோம் என்ற முடிவுக்கு மட்டும் பிரவுசிங் சென்டரில் ஐந்து நிமிடம். பக்கத்து நாற்காலிக்காரன் எதை அழுத்தினானோ அதையே இவனும் அழுத்துவான். இந்த ஊரில் வருடா வருடம் நான் பார்ப்பது இதைத்தான்.

அக்னிவீர் விண்ணப்பத்தில் நாலைந்து கதவுகள் இருக்கின்றன. ஜி.டி. என்கிற ஜெனரல் டியூட்டிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடு போதும். கிளார்க், ஸ்டோர்கீப்பருக்குப் பன்னிரண்டில் மொத்தம் 60, பாடத்துக்கு 50. டெக்னிக்கலுக்குப் பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும் என்பதோடு பையன்கள் வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 50 விழுக்காடு எடுத்து, குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவனும் டெக்னிக்கலுக்கு வரலாம். எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக், ஃபிட்டர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

என் மருமகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். அவன் அப்பா நாகல்நகரில் பூட்டுத் தொழிலாளி. மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் அறுத்து, அரம் போட்டு, சாவியைப் பொருத்திக் காதோரம் வைத்துச் சத்தம் கேட்டே சரி பார்க்கிறவர். அந்த வீட்டுப் பிள்ளை, கையில் இருக்கிற தொழிலை மறந்துவிட்டுப் படிவம் நிரப்பப் போகிறான்.

ஜி.டி. வழியாகப் போகிற காலாட்படையைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீலகிரி வெலிங்டனில் மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758 முதல் தன் வரலாற்றைச் சொல்கிறது. “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்ற அதன் போர்முழக்கம் தமிழ்க் காதில் விழும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது. பனியில் பதுங்குகுழிக்குள் கண்விழிக்கிறவனை நம்பித்தான் மற்ற எல்லாரும் தூங்குகிறோம். அந்த வேலையைத் தெரிந்து, விரும்பி எடுக்கிறவனைக் கும்பிடுகிறேன். வேறு கதவு இருப்பதே தெரியாமல் அதில் நுழைகிறவனை நினைத்துத்தான் கவலை.

“டெக்னிக்கல்னா துப்பாக்கி தர மாட்டாங்கள்ல மாமா?” என்று கேட்டான். பல பையன்களின் மனசில் இருக்கும் கேள்வி இது. எந்த டிரேடில் சேர்ந்தாலும் அடிப்படை ராணுவப் பயிற்சி உண்டு, துப்பாக்கியும் உண்டு. தொழில் அதற்குப் பிறகு வருகிறது. அவனுக்கு சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிச் சொன்னேன். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போனார். கூட இருந்த வீரர் ஒருவர் மிதித்த கண்ணி வெடிக்கப் போவதைப் பார்த்ததும் அதன் மேலேயே பாய்ந்து படுத்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு இறப்புக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. அவர் பார்த்தது மண்வெட்டியும் கண்ணிவெடிக் கருவியும் பிடிக்கிற வேலை.

அந்தப் படையின் கதை தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ‘போர் இனம்’ என்றொரு கணக்கை எடுத்தார்கள். வடமேற்கில் பிறந்தவன் போராடப் பிறந்தவன், தெற்கத்தியான் அதற்கு லாயக்கில்லை என்று அதிகாரிகள் எழுதினார்கள். 1880களின் முதல் பாதியில் மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸும் அப்படி எண்ணியவர்தான். வெள்ளைக்காரனுக்கு ஆர்க்காட்டிலும் மைசூரிலும் நாட்டைப் பிடித்துக் கொடுத்த மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, முதல் உலகப் போருக்குப் பிறகு இல்லாமலே போயின. இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. இடையில் தெற்கத்தியானின் பேரைப் படையில் காப்பாற்றி வைத்திருந்தது பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுகிறவன், பாதை போடுகிறவன், சுரங்கம் தோண்டுகிறவன். கைத்தொழில் தெரிந்தவனை எந்தக் கோட்பாட்டாலும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. இன்றும் அவர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

படைக்குக் கைத்தொழில் பலம் சேர்த்த கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1755இல் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு இங்கேதான் ஆயுதச்சாலை அமைத்தார். மைசூர்ப் படையின் பலம் உருவான இடங்களில் இந்தக் கோட்டையும் ஒன்று.

டிரேடு ஊர் திரும்பிய பிறகு என்ன தரும் என்பதற்கு என் அப்பா கதை. அப்பா ராணுவத்தின் வழங்கல் பிரிவான ஏ.எஸ்.சி.யில் பதினேழு வருடம் லாரி ஓட்டினார். மலைப்பாதையில் சங்கிலி கட்டிய சக்கரத்தோடு ஓட்டிய கை, ஊருக்கு வந்த மூன்றாம் மாதமே பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தது. எதிர்வீட்டு மாமாவும் அதே வருடம்தான் திரும்பினார். காலாட்படையில் மார்ட்டார் சுட்டவர். தூரத்தையும் கோணத்தையும் மனக்கணக்காகவே சொல்லுவார். அவ்வளவு நுட்பமான அறிவுக்கு திண்டுக்கல்லில் ஒரு வேலையும் இல்லை. ஒரு வங்கி வாசலில் காவலாளியாக இருபது வருடம் நின்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பென்ஷன் வந்தது, பிள்ளைகள் படித்தன.

அந்தக் காலத்தில் டிரேடு எதுவானாலும் பென்ஷன் தாங்கிப் பிடித்தது. 2022 ஜூன் 14 அன்று, அக்னிவீர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் அந்தத் தாங்கல் போய்விட்டது. நான்கு வருடம். அதன்பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் மட்டும் நிரந்தரப் பணிக்குத் தேர்வு. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதிக்குப் பிடித்தம் போக, கைக்கு 21,000. நான்காம் வருடம் 40,000. முடிவில் அரசின் சமபங்கும் வட்டியும் சேர்ந்து சுமார் 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது. நால்வரில் மூவர் இருபத்திரண்டு, இருபத்து நான்கு வயதில் ஊர் திரும்பப் போகிறார்கள். முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. அவர்களுடைய நான்கு வருடம் 2026ஆம் ஆண்டின் முடிவோடு நிறைகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 விழுக்காடு ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். அதில் இடம் கிடைக்காதவனுக்கு, அந்த நான்கு வருடத்தில் கை என்ன கற்றதோ அதுதான் சொத்து. வண்டி எஞ்சினையோ தகவல் தொடர்புக் கருவியையோ பழுது பார்த்துப் பழகியவன் வேடசந்தூர் மில்லிலோ கோவை பட்டறையிலோ போய் நிற்கலாம். இந்தத் திட்டம் சரியா தவறா என்று நம் வீடுகளில் சண்டையே நடந்திருக்கிறது. நான்கு வருடம் நாட்டுக்குக் கொடுத்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் திட்டம் மாறும்வரை பையன்களின் வயது காத்திருக்காதே.

இன்னொரு கதவையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டில் உயிரியல் பிரிவு எடுத்தவர்கள் நர்சிங் அசிஸ்டென்ட்டாகப் போகலாம். மொத்தம் 50 விழுக்காடு, பாடத்துக்கு 40. அது அக்னிவீர் இல்லை, வழக்கமான நிரந்தரப் பணி. டிப்ளமோ பார்மசி படித்தவனுக்கு சிப்பாய் பார்மா என்றொரு பணி, அதுவும் அப்படியே. மைதானத்தில் அன்று விசாரித்துப் பார்த்தேன். உயிரியல் படித்த ஒன்பது பேரில் இரண்டு பேருக்குத்தான் இது தெரிந்திருந்தது. பள்ளிக்கூடங்களில் ஒரு காகிதம் ஒட்டினால் போதுமே என்று ஆதங்கமாக இருக்கிறது. டிரேட்ஸ்மேனையும் மட்டமாக நினைக்கிறார்கள். சமையலும் தையலும் தெரிந்தவனுக்கு அது கௌரவமான வழி. பதினான்காயிரம் அடி உயரத்தில் சூடாகச் சோறு போடுகிறவன் இல்லாமல் எந்தப் படை நிற்கும்?

மைதானத்தின் மறுகோடியில் ஐந்து பெண் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். தரைப்படையில் சிப்பாய் நிலையில் அவர்களுக்கு இப்போது இருப்பது ராணுவப் போலீஸ் ஒன்றுதான். 83 பெண்கள் கொண்ட முதல் அணி 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்தது. எஞ்சின் பழுது பார்க்கவும் சிக்னல் அனுப்பவும் அந்தப் பிள்ளைகளால் முடியாதா என்ன? அவர்களிடமும் ‘டிரேடு என்ன?’ என்று கேட்கிற நாள் சீக்கிரம் வர வேண்டும்.

தேர்வு முறையும் மாறியிருக்கிறது. முன்பு ஓட்டம் முதலில், எழுத்துத் தேர்வு பிறகு. 2023 முதல் கணினித் தேர்வு முன்னால் வந்துவிட்டது. அதில் தேறினால்தான் மைதானம். 2025இல் இருந்து தமிழிலும் எழுதலாம், இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். திண்டுக்கல் பையன்களுக்குக் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகம். காலை நேரம் ஓட்டத்துக்கு என்றால், இரவு ஒரு மணி நேரமாவது கணக்குக்கும் பொது அறிவுக்கும் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் என்பதால் குருட்டாம்போக்கில் அழுத்தக் கூடாது.

ஆவணம் இன்னொரு தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். எங்கள் தெருவில் ஒருவன் ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு இதற்காக நாட்கணக்கில் அலைந்தான். இப்போதே எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மெடிக்கலுக்கு முன்னால் காது அழுக்கை டாக்டரிடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள், பல்லைக் காட்டிக்கொள்ளுங்கள், கையில் பச்சை குத்தாதீர்கள். பணம் கட்டினால் இடம் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் போலீசில் சொல்லுங்கள். ராணுவத்தில் சேர ஒரு பைசா லஞ்சம் கிடையாது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் பட்டறையில் இருந்தார். மருமகன் ஐ.டி.ஐ. சான்றிதழைத் தேடி எடுத்து வந்து அவரிடம் கொடுத்தான். கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். ‘ஃபிட்டர்’ என்ற வரியில் விரலை வைத்தார்.

“இதுக்கு ராணுவத்துல வேலை இருக்கா மாப்ள?” என்று என்னைக் கேட்டார்.

“இருக்கு அத்தான்.”

“அப்ப அதையே போடு தம்பி. நாம பழகுன வேலைதான” என்றார் மகனிடம்.

டெக்னிக்கல் முதலில், ஜி.டி. இரண்டாவது என்று நோட்டில் எழுதிக்கொண்டான். விண்ணப்பம் திறந்ததும் பிரவுசிங் சென்டருக்கு மூன்று பேருமாகப் போவதாகப் பேச்சு.

மறுநாள் காலை மைதானத்தில் 5 நிமிடம் 37. மூச்சு வாங்க வந்து ஸ்டாப்வாட்ச்சை எட்டிப் பார்த்தான். “இன்னும் ஏழு செகண்டு மாமா” என்றான். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி கோட்டில் போய் நின்றான்.