டயரைத் திட்டும் முன் அச்சைப் பாருங்கள்

அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலைகளில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று ஓரமாகச் சாய்ந்து நிற்கும். டயர் வெடித்திருக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக ரோட்டில் நாலு கற்களும் ஒரு வேப்பங்கொத்தும் கிடக்கும். ஓட்டுநரிடம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். "டயர் சரியில்லைங்க" என்பார். உரிமையாளரும் அதையேதான் சொல்வார். கூடவே டயர் கம்பெனியையும் விற்ற கடைக்காரரையும் நாலு வார்த்தை திட்டுவார்.

நானும் அப்படித் திட்டியவன்தான். எங்கள் நாலு சக்கர டிரெய்லரின் இடது பின்சக்கரத்துக்கு இரண்டு பருவத்தில் இரண்டு டயர் மாற்றினேன். மற்ற மூன்றும் நன்றாகவே இருந்தன. மூன்றாவது டயருக்காகப் போனபோது, பஞ்சர் கடையில் இருந்த பெரியவர் பழைய டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள் ஓரம் சீவி எடுத்த மாதிரி இருக்கு. வெளி ஓரத்துல பட்டன் அப்படியே இருக்கு. டயர் மட்டம்னா முழுசும்ல தேயணும்? அச்சைப் பார்த்தீங்களா தம்பி?"

நான் பார்த்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டு வேலைக்கு வந்திருந்த கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கிச் சக்கரத்தின் மேல் தொங்கவிட்டேன். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. அச்சு வளைந்திருந்தது. அதை நிமிர்த்த ஆன செலவு ஒரு டயரின் விலையைவிடக் குறைவு. அந்தக் கணக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கமாகத் தேய்ந்த டயர் குற்றவாளி அல்ல, சாட்சி. நாம் அந்தச் சாட்சியை விசாரிக்காமலேயே கழற்றி எறிகிறோம். அது வைக்கோல் போரின் மேல் பாரமாகக் கிடக்கிறது, அல்லது பழைய டயர்க்காரரிடம் போய்விடுகிறது. புது டயரும் அதே இடத்தில் அதே மாதிரி தேய்கிறது.

தேய்மானம் சொல்வது என்ன?

டயர் தேயும் விதத்தைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. நெற்பயிரின் இலையைப் பார்த்துச் சத்துக் குறைவைச் சொல்லத் தெரிந்த நமக்கு இது எளிதாகவே வரும்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் நிற்கிறதா? காற்று குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது அந்தக் காற்றுக்குத் தாங்காத பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருக்கிறதா? காற்று அதிகம். இவை இரண்டும் காற்று பிடிக்கும் இடத்திலேயே தீரக்கூடியவை. காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், குளிர்ந்தபின் தேவைக்குக் குறைவாகிவிடும்.

உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சைச் சந்தேகியுங்கள். அச்சின் இரு முனையையும் சக்கரங்கள் தாங்குகின்றன. பாரமோ சற்று உள்ளே, ஸ்பிரிங் பட்டைகள் உட்காரும் இடத்தில் இறங்குகிறது. அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சின் நடுப்பகுதி கீழே தொய்ந்து, இரு சக்கரங்களின் தலையும் உள்நோக்கிச் சாயும். அப்போது டயரின் உள் ஓரம்தான் தரையை அழுத்தும். ஒரு சக்கரம் மட்டும் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கம் குழியிலோ கல்லிலோ மோதி முனை வளைந்திருக்கலாம்.

அங்கங்கே குழி விழுந்து, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ஆடுகிறது என்று பொருள். பேரிங் தளர்ந்திருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கலாம். நாலு சக்கர டிரெய்லரின் முன்சக்கரத்தில் இப்படி இருந்தால் டர்ன்டேபிளும் அதன் நடுப் பின்னும் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். பட்டன்மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவுங்கள். பிறகு வெளியிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் அரம்போலவும் உறுத்தினால், அந்த டயர் நேராக உருளவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகிறது.

இரட்டை அச்சு வண்டிகளில்...

இப்போது பின்பக்கம் இரண்டு அச்சுகளை அடுத்தடுத்து வைத்த பெரிய டிப்பர்களும் ஊருக்குள் வந்துவிட்டன. பாரம் நாலு சக்கரத்துக்குப் பிரிவது இவற்றின் நன்மை. ஆனால் இரு அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக நின்றால்தான் அந்த நன்மை கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அச்சின் ஒரு முனை, மற்ற அச்சோடு ஒப்பிட 1 சென்டிமீட்டர் பின்தங்கியிருக்கிறது. இந்த இரண்டு அச்சுகளையும் தனித்தனியே உருள விட்டால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அவற்றின் பாதைகள் 6 மீட்டருக்கு மேல் விலகிவிடும். ஆனால் இரண்டும் ஒரே சட்டத்தில் கட்டுண்டவை, விலக முடியாது. அந்த 6 மீட்டரை டயர் ரப்பர்தான் தரையில் தேய்த்துத் தீர்க்கிறது. ஆலை 30 கிலோமீட்டரில் இருந்தால், போக வர எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த இழுப்புக்குச் செலவாகும் டீசலும் உங்களுடையதுதான்.

இரட்டை அச்சு வண்டியை ஒடித்துத் திருப்பினாலும் டயர்கள் பக்கவாட்டில் அரைபடும். தார்ச்சாலையில் அப்படித் திருப்பினால் கறுப்புக் கோடு விழுவதைப் பார்க்கலாம். இடம் இருந்தால் அகலமாக வளைத்துத் திருப்புங்கள். டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்பதும் முக்கியம். இரு அச்சுக்கும் பாரத்தைப் பங்கிடும் அமைப்பு இல்லாத வண்டியில், கொக்கி உயரமாகி முன்பக்கம் தூக்கி நின்றால் பாரம் பின் அச்சுக்குப் போய்விடும். பிறகு பின் டயர்கள் மட்டும் ஏன் தேய்கின்றன என்று யோசிப்போம்.

அரைமணி நேரச் சோதனை

இதற்குத் தேவையானவை ஜாக்கி, டேப், நூல், சாக்பீஸ், தூக்குக்குண்டு. பாரம் இல்லாத வண்டியைச் சமமான களத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

முதலில் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆட்டம் இருந்தால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். அடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு டயருக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் வையுங்கள். டயர் குச்சியை நெருங்கியும் விலகியும் ஓடினால், ரிம் வளைந்திருக்கலாம் அல்லது டயர் சரியாக உட்காராமல் இருக்கலாம். பிறகு சக்கரங்களைத் தரையில் இறக்கி, தூக்குக்குண்டை வைத்துச் சாய்வைப் பாருங்கள்.

கடைசியாக அச்சை அளக்க வேண்டும். நாலு சக்கர டிரெய்லரில் டர்ன்டேபிளின் நடுப் புள்ளியில் இருந்து பின் அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் அச்சு கோணலாக இருந்தால் வண்டி நண்டுபோல ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும். குறுகலான ரோட்டில் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அது எமன். இரட்டை அச்சு வண்டியில் கொக்கி வளையத்தின் நடுவில் இருந்து முதல் அச்சின் இரு முனைக்கும் அளந்துவிட்டு, இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை இடமும் வலமும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு விரல் பருமன் வித்தியாசம் இருந்தாலே அச்சு கோணல் என்று முடிவு செய்யலாம். யூ போல்ட் தளர்ந்து, ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் முறிந்தால் அச்சு மெல்ல நகர்ந்துவிடும். அப்படியென்றால் வேலை போல்ட்டில்தான், டயரில் இல்லை.

இன்னொரு பழக்கமும் நல்லது. வழியில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்தின் நடுப் பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதன் பேரிங்கோ, பிரேக் இருந்தால் பிரேக்கோ பிடிக்கிறது.

நம் பங்கையும் ஒப்புக்கொள்வோம்

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயம் இல்லை. என் அச்சு தானாக வளையவில்லை. நான்தான் வளைத்தேன். கரும்பு வண்டி வாடகை டன் கணக்கில் கிடைக்கிறது. ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் கைக்கு வரும் காசு அன்றைக்கே தெரிகிறது. தொய்யும் அச்சு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். அதற்குமேல், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பிடிபடாவிட்டால் அபராதம் இல்லை என்று நினைக்கிறோம். டயர் வழியாக நாம் அதைத் தவணையில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

"சீசன்ல எங்கே நேரம்? வெட்டு உத்தரவு வந்தா ஓடணும்" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் இதைச் சீசனுக்கு முன்பே செய்ய வேண்டும் என்கிறேன். இதை விவசாயி தலையில் மட்டும் கட்டுவதும் சரியாகாது. அரவை தொடங்கும் முன் டிரெய்லர்களின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட ஆலைகள் ஏற்பாடு செய்கின்றன. நல்ல வேலை. அதே நாளில், அதே இடத்தில் அச்சையும் டயரையும் பார்க்க ஒரு மெக்கானிக்கை நிறுத்தினால் என்ன? வண்டி வழியில் நின்றால் கரும்பு காய்ந்து எடை குறைகிறது, சர்க்கரைச் சத்தும் குறைகிறது. நட்டம் ஆலைக்கும்தான்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரப் பராமரிப்பு முகாம்களில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் முன்னால் நிற்கின்றன. டிரெய்லருக்கும் அங்கே ஒரு மூலை வேண்டும். டிரெய்லர் கட்டித் தரும் பட்டறைகள், அச்சு எத்தனை டன் தாங்கும் என்பதை ஒரு தகட்டில் அடித்து வண்டியில் பொருத்தித் தரவேண்டும். பழைய லாரி அச்சைப் போட்டுக் கட்டினால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்கும் நாமும் பெயின்ட்டைப் பார்த்துப் பேரம் பேசுவதை விட்டுவிட்டு இதைக் கேட்க வேண்டும்.

ஒரு டயர் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. அதையாவது கடன் வாங்கி ஈடுகட்டலாம். ராத்திரி நேரத்தில் பாரத்தோடு டயர் வெடித்து, கரும்புக்கட்டு மேல் படுத்துத் தூங்கி வரும் ஆட்களோடு வண்டி சாய்ந்தால் எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

உங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய டயர் கிடக்கும். நாளைக் காலையில் அதைப் புரட்டி, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அது எந்தச் சக்கரத்தில் ஓடியது என்று நினைவிருந்தால், நேராகப் போய் அந்தச் சக்கரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். புது டயருக்குக் காசு எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.