தொடாமல் அளப்பது

இயந்திரம் மனிதனை எண்ணாக்கிவிட்டது என்று துக்கப்படுவது நம் கவிஞர்களுக்கு வெகு சுலபமாகக் கைவந்த காரியம். டிராக்டர் வந்தபோது துக்கப்பட்டார்கள். கம்ப்யூட்டர் வந்தபோது துக்கப்பட்டார்கள். இப்போது உடம்பை ஒளியால் துழாவி உடைக்கு அளவெடுக்கும் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டதும், தையல்காரரின் விரல்களுக்கும் அவர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்புக்கும் இரங்கற்பா எழுதத் தொடங்கிவிட்டார்கள். இந்த ரகத்தில் இரண்டு கையெழுத்துப் பிரதிகள் என் பார்வைக்கே வந்தன. இரண்டிலும் தையல்காரர் ஒரு ரிஷி. அவர் விரல் பட்டவுடன் உடம்பு தன்னைத்தானே அறிந்துகொள்கிறது. இந்த நண்பர்கள் எந்தத் தெருவில் குடியிருந்து சட்டை தைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் டேப் எல்லா உடம்பையும் தொட்டதில்லை. தமிழ்நாட்டில் வேறெங்கும்தான் தொட்டதா என்ன? ஊர்த் தெருக்காரருக்கு மார்பைச் சுற்றி வரும் டேப், சேரிக்காரருக்கு வரும்போது கண்பார்வையாகச் சுருங்கிவிடும். தள்ளி நிற்கச் சொல்லி, மேலும் கீழும் பார்த்து, ஒரு நம்பரைச் சீட்டில் கிறுக்கினால் அளவெடுத்தாயிற்று. சில இடங்களில் அதுவும் கிடையாது. பெண்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு அளவு ஜாக்கெட் என்று ஒரு சாதனம் உண்டு, இன்றைக்கும் உண்டு. பழைய ஜாக்கெட்டைப் பையில் சுருட்டிக் கொடுத்து, கையில் அரை இஞ்சு லூசாக இருக்கட்டும், கழுத்து இவ்வளவு இறக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். தையல்காரர் அளப்பது உடம்பை அல்ல, போன வருஷத்து உடம்பு துணியில் விட்டுப்போன ஞாபகத்தை. போன வருஷத்து ஜாக்கெட்டும் அதற்கு முந்திய ஒன்றைப் பார்த்துத் தைத்ததுதான். தொடாமல் அளப்பது என்ற நுட்பத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை.

ஆகவே, ரெடிமேட் சட்டை வந்தபோது ஆன்மா போய்விட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். சந்தையில் தார்ப்பாயில் குவித்துப்போட்ட சட்டைகளில் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்து வாங்கிப்போனவனை, எந்தத் தெரு என்று அந்தச் சட்டை கேட்கவில்லை. தோள் இறங்கித்தான் இருந்தது, கை மணிக்கட்டைத் தாண்டித்தான் தொங்கியது. அந்தப் பொருந்தாமையில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. இதை எழுதாமல் டேப்பைப் பற்றி எழுதுகிறவர் அழகியல் என்ற பெயரில் ஜாதியைத்தான் மடித்து வைக்கிறார்.

கருவியின் ஆதரவாளர்களிடம் வருவோம். அவர்கள் பேச்சு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதில் பாதி நியாயம். 2018 வாக்கில் மத்திய ஜவுளித் துறையின் ஆதரவோடு, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் ‘இந்தியாசைஸ்’ என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. 15 வயதிலிருந்து 65 வயதுவரை, ஆணும் பெண்ணுமாக 25,000 பேர். டெல்லி, மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, ஷில்லாங் என்று ஆறு ஊர்கள். முப்பரிமாண ஸ்கேனரில் ஒவ்வொருவரையும் நிறுத்தி அளந்து, இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை தயாரிப்பது நோக்கம். இதுவரை நம் கடைகளில் தொங்குவதெல்லாம் பிரிட்டிஷ், அமெரிக்க அட்டவணைகளை அங்கங்கே தட்டிச் சரிசெய்த நம்பர்கள் என்பது உண்மை. திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைத்துத் தள்ளுபடியானது காதர்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து நம்மூர்ச் சந்தைக்கு வருகிறது. எங்கோ ஒரு வெள்ளைக்காரரின் தோளுக்கு வெட்டிய பனியனை ராசிபுரத்தில் ஒருவர் போட்டுக்கொண்டு, தனக்குத்தான் தோள் போதவில்லை என்று நினைக்கிறார். அவருக்கு ஓர் அட்டவணை வேண்டாமா என்றால், வேண்டும்.

ஆனால் அளப்பது ஒரு காரியம், வெட்டுவது வேறு காரியம். இந்த வேறுபாட்டை மறைப்பதற்கு ஸ்கேனரைப்போல் சௌகரியமான கருவி எதுவும் இல்லை. ஒட்டிய உடையில், கால்களை அகட்டி, கைகளை உடம்பைவிட்டுத் தள்ளி வைத்துச் சில வினாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். ஒளி உடம்பின்மேல் படிந்து, லட்சக்கணக்கான புள்ளிகளாகத் திரும்புகிறது. ஒளி எட்டாத இடங்களும் உண்டு. அக்குளும் தொடையிடுக்கும் அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. அங்கே விழும் ஓட்டைகளை மென்பொருள் ஊகித்து அடைக்கிறது. தறி ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், லாரிக்குப் பாடி கட்டுகிறவர் ஆகியோரின் சட்டை முதலில் எங்கே கிழிகிறது என்று கேட்டுப் பாருங்கள். அக்குளில்தான். நின்ற உடம்புக்கும் வேலை செய்கிற உடம்புக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஊகித்து நிரப்பிய இடத்தில் இருக்கிறது.

அளந்தபிறகு என்ன நடக்கிறது என்பதற்கு அமெரிக்கா பழைய சாட்சி. அங்கே விவசாயத் துறையே 1939, 40இல் சுமார் 15,000 பெண்களைத் தலைக்கு 59 அளவு வீதம் டேப் வைத்து அளந்தது. தபாலில் விற்ற உடைகள் பொருந்தாமல் திரும்பி வந்து வியாபாரிகளுக்கு நஷ்டம் என்பது காரணங்களில் ஒன்று. கடைசிக் கணக்கில் வெள்ளைப் பெண்களின் அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதை அடியொற்றி 1958இல் ஓர் அரசு அட்டவணை பிறந்து, யாரும் பின்பற்றாமல் நைந்து, 1983இல் வாபஸ் பெறப்பட்டது. அளந்தவர்கள் பொய் சொல்லவில்லை. எந்த உடம்புகளை எண்ணுவது, எத்தனை சைஸ் வெட்டினால் கட்டுப்படியாகும் என்பதையெல்லாம் டேப் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தவர்களின் கையில் டேப் ஒரு வாய்தா வக்கீல். உயரமும் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாதவை. எல்லா உடம்பையும் தழுவவேண்டுமென்றால் சைஸ்கள் பெருகும், சரக்கு தேங்கும். எனவே ஓரத்து உடம்புகளைக் கைவிட்டாக வேண்டும். இது வியாபார முடிவு. அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைக்காதீர்கள் என்பதே என் சண்டை.

ஆறு நகரம் போதுமா என்றால், நகரத்தில் எல்லா ஊர்க்காரரும் இருக்கிறார்கள் என்று பதில் வரும். இருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஒட்டிய உடையில் கூண்டுக்குள் நிற்க வருகிறவர் யார்? திருச்செங்கோட்டிலும் குமாரபாளையத்திலும் துணி நெய்கிறவரின் உடம்பு அந்தப் புள்ளிக் கூட்டத்தில் எந்த மூலையில் இருக்கும்?

இந்தச் சீமையில் உடம்பை அளக்க ஒருவர் ஏற்கனவே வந்திருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சேர்வராயன் மலையாளிகளின் தலையையும் மூக்கையும் அளந்து அருங்காட்சியக வெளியீட்டில் போட்டார். 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளின் முன்னுரையில் அவரே வேடிக்கையாகச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. ஏதோ பழைய வழக்கில் தேடப்பட்ட நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அதன்கீழ் நிற்க மறுத்துவிட்டார். தர்ஸ்டனுக்கு இது அறியாமை. எனக்கு அந்த இருளர்தான் இத்துறையின் முதல் விமர்சகர். அளக்கிறவர் யார், அளவு எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் அவர் ஒரே மறுப்பில் கேட்டுவிட்டார். நம் இலக்கிய விமர்சகர்களிடம் நாற்பது வருஷமாக இந்த மறுப்பு இல்லை. ஒரு காலத்தில் எலியட் அட்டவணை, அப்புறம் லூக்காச் அட்டவணை, அதன்பின் நமக்கென்றே ஒரு திணை அட்டவணை. கவிதை எதிலும் அடங்காவிட்டால் கவிதைக்குத்தான் தோள் போதாது.

தையல்காரரிடம் எனக்கு மரியாதை உள்ள விஷயம் ஒன்றே ஒன்று, அது விரல் சம்பந்தப்பட்டதில்லை. நல்ல தையல்காரர் உள்ளே துணி விட்டுத் தைப்பார். பக்கத் தையலில் ஓர் இஞ்சு, கீழ்மடிப்பில் ஓர் இஞ்சு. பையன் வளர்ந்தால், பெண் பிள்ளை பெற்று வந்தால், பிரித்துவிட்டுக்கொள்ளலாம். இன்றைய அளவு நாளை பொய்யாகும் என்பதற்கு அவர் துணியிலேயே இடம் வைத்தார். பாக்டரியில் ஓவர்லாக் போடும்போது ஓரம் அறுபட்டுப் போகிறது. ஆயிரம் உருப்படியில் மிச்சமாகும் துணிதான் லாபம். அளவு துல்லியமாக ஆக, உள்ளே துணி விடுவதற்கான கடைசிச் சாக்கும் போய்விடுகிறது. அமெரிக்க விமானப்படை இதை வேறு வழியாகக் கண்டுகொண்டது. 1950இல் அளந்த 4,000க்கும் அதிகமான விமானிகளில், பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டியிருப்பவர் எத்தனை பேர் என்று கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் கணக்குப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. அதற்காக அவர்கள் இன்னும் துல்லியமான சராசரியைத் தேடிப் போகவில்லை. ஆளுக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்ளும் இருக்கையைச் செய்யச் சொன்னார்கள். அங்கே உயிர் போகிற விஷயம், செய்தார்கள். நம் சட்டைக்கு யார் செய்வார்கள்? அட்டவணை வரட்டும். கூடவே ஓரத்தில் அரை இஞ்சு விடவேண்டும் என்று ஒரு விதியும் வரட்டும். அப்போது இந்த உற்சாகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கலாம்.

பொருத்தம் என்ற சொல்லை இவ்வளவு ஆசையோடு உச்சரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இந்தச் சமவெளியில் சிலருடைய உடம்பை உள்ளும் புறமுமாகத் துல்லியமாகச் சோதித்திருக்கிறார்கள். 2025 ஜூலையில், பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கடன் நெருக்கடியைப் பயன்படுத்தித் தரகர்கள் அவர்களுடைய சிறுநீரகங்களை விற்கவைத்தார்கள் என்ற புகார் வெளிவந்தது. அரசு விசாரணைக் குழு போட்டது. ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட்டது. சிறுநீரகம் மாற்றுவதென்றால் ரத்தப் பிரிவு பார்க்க வேண்டும், திசு பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும். முன்பணத்தில் மாட்டிய ஓர் உடம்பு, முகம் தெரியாத இன்னோர் உடம்புக்கு அச்சாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிற வேலை அது. அதில் ஊகித்து நிரப்ப எதையும் விட்டுவைக்கமாட்டார்கள். அந்தத் தறிகளில் ஓடுவது லுங்கியும் துண்டும், சைஸ் நம்பரே போட வேண்டியிராத துணிகள்.

இரங்கற்பா எழுதிய நண்பர்கள், அட்டவணைக்குக் கைதட்டும் நண்பர்கள், இரு தரப்பாரும் ஒருமுறை வந்து பார்க்கலாம். ஈரோட்டில் ரயிலைவிட்டு இறங்கி, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம்.