தகடு அவருடையது, பிரதி யாருடையது?

ரெம்ப்ராண்ட்டின் ஓவியம்தான் எட்டாக்கனி, எட்சிங்கை நடுத்தரச் சம்பளக்காரரும் ஏலத்தில் எடுத்துவிடலாம் என்றொரு பேச்சு கலை ஆர்வலர் நடுவே நெடுநாளாக உலவுகிறது. அண்மையில் நண்பர் ஒருவரும் இதையே பெருமையுடன் சொன்னார். இதில் பாதி உண்மை. மறுபாதியை ஏலப் பட்டியல்கள் சிறிய எழுத்தில் அச்சிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. வாங்குவோரும் அதைப் படிக்க விரும்புவதில்லை.

ரெம்ப்ராண்ட் மறைந்தது 1669இல். அவருடைய செப்புத் தகடுகள் அவரோடு மறையவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் எண்பதுக்கு அருகிலான தகடுகள் பாரிஸில் வத்தலே என்பவரிடம் சேர்ந்தன. 1786இல் அவர் இறந்தபின் அவற்றை வாங்கிய வணிகர் பஸான், தேய்ந்த கோடுகளைப் புதுப்பித்து அச்சிட்டு விற்றார். அவருக்குப் பின் வந்தவர்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சிட்டார்கள். இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ‘நூறு கில்டர்’ எனப் பெயர்பெற்ற படத்தின் தகட்டுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. கேப்டன் பெய்லி என்ற அயர்லாந்துக்காரர் 1775 வாக்கில் அதைத் தம் கையால் மீண்டும் செதுக்கி, சுமார் நூறு பிரதிகள் எடுத்து, பிறகு தகட்டையே நான்கு துண்டாக வெட்டினார். ஏட்டில் இடைச்செருகல் செய்தவர்கள்கூட மூலத்தைக் கத்தரித்ததில்லை!

“இருந்தாலும் தகடு அவர் கைபட்டதுதானே?” என்றார் நண்பர். மறுக்க வேண்டியது இந்த வாதத்தைத்தான். அமிலம் அரித்த கோடுகளோடு ரெம்ப்ராண்ட் நிற்கவில்லை. டிரைபாயிண்ட் முறையில் ஊசியாலேயே செம்பைக் கீறினார். கீறலின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறு மையைப் பற்றிக்கொண்டு, தாளில் வெல்வெட் போன்ற கருமையைத் தரும். சில பத்துப் பிரதிகளுக்குள் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் அந்தப் பிசிறு நசுங்கிப் போய்விடும். தவிர, அவர் தகட்டின் மேல் மையை முழுவதும் துடைக்காமல் மெல்லிய படலமாக விட்டு அச்சிட்டார். ஜப்பானியத் தாளைத் தேடிப் பயன்படுத்தினார். 1653ஆம் ஆண்டின் ‘மூன்று சிலுவைகள்’ நான்காம் நிலையில் ஏறக்குறைய வேறொரு படமாகவே மாறிவிடுகிறது. படைப்பு நிறைவுற்ற இடம் தாள். தகடு அதற்கான கருவி மட்டுமே. கருவியை எவர் இயக்கினாலும் ரெம்ப்ராண்ட்தான் என்பது, வீணை இருக்கிறது, இசையும் இருக்கும் என்பது போன்ற வாதம்.

தாளே சாட்சி சொல்லும். வலைக்கோடு தெரியாத வழவழப்பான ‘வோவ்’ தாள் ஐரோப்பிய அச்சுக்கு வந்தது 1757 வாக்கில். அதில் உள்ள பிரதி அவர் காலத்தது அன்று. கோடுள்ள பழைய வகைத் தாள் பிறகும் தயாரானதால் அது மட்டும் சான்றாகாது. நீர்க்குறியைப் பார்க்க வேண்டும். எரிக் ஹின்டர்டிங் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிய உழைப்பு. ஏலம் எடுப்பவர் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள்? சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் தர வேண்டிய கமிஷன் இருப்பதே பலருக்குப் பில் வரும்போதுதான் தெரிகிறது. லண்டனின் இரு பெரிய ஏல நிறுவனங்கள் 1975இல் அதைப் பத்து சதவீதமாகத் தொடங்கின. பின்னர் அது வெகுவாக வளர்ந்துவிட்டது.

பஸான் பிரதிகளை வாங்கவே கூடாது என்பதன்று என் கட்சி. பஸான் பிரதி என்று அறிந்து, அதற்குரிய விலை கொடுத்து, பஸான் பிரதி என்றே சுவரில் மாட்டுவதில் குற்றமில்லை. என் சண்டை, கலைஞர் பெயரைப் பெரிதாகப் போட்டு அச்சிட்ட காலத்தைச் சொல்லாமல் விடும் பட்டியலோடும், அந்த மௌனத்தை விரும்பி ஏற்கும் நம் ஆசையோடும்தான். ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கலாம்: எந்த நிலை, எப்போது அச்சிட்டது, நீர்க்குறி என்ன. நண்பரிடமும் கேட்டேன். சட்டத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை என்றார். அதற்குள் காபி வந்துவிட்டது.