விடுமுறையில் ஈரநிலப் பூங்காக்கள் இலவசமாகட்டும்

ஆகஸ்ட் விடுமுறை வந்தால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் பெற்றோருக்கு ஒரே தலையிடி: பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வது? வெள்ளவத்தையாருக்குக் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். கடந்து போனாலும் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் கடலில் காலை நனைக்க விடவும் பயம். கொட்டாஞ்சேனையாருக்குக் கிட்டவுள்ளது மட்டக்குளிக் காக்கைதீவு. அங்கே களனி கங்கை கொண்டுவந்து தள்ளும் குப்பையோடு சேர்ந்துதான் மணலில் இருக்க வேண்டும். மிச்சம் காலிமுகத்திடல். இறால் வடை வாங்காமல் அங்கிருந்து எந்தப் பிள்ளை திரும்பியிருக்கிறது?

அந்தத் திடலின் நடைபாதையை 1859இல் கட்டி முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதித் தமக்குப் பின் வருவோர் அதைப் பேண வேண்டும் என்று கல்லில் பொறித்து வைத்தார். அந்நிய ஆட்சியாளருக்கு இருந்த அந்த எண்ணம் இன்றைய அதிகார சபைகளுக்கும் இருக்கத்தான் வேண்டும்.

கடற்கரைக்கு மாற்றாக நமக்கு ஈரநிலங்கள் இருக்கின்றன. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட உலகின் முதல் 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. கோட்டேயில் பெத்தகான, தலவத்துகொடவில் தியசரு என இரண்டு ஈரநிலப் பூங்காக்கள் இருக்கின்றன. நீலத் தாழைக்கோழியும் கபரகொய்யாவும் பார்க்கலாம். இந்தச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனையும் இரவில் உலாவுகிறது. சதுப்பை மண் போட்டு நிரப்பினால் என்னவாகும் என்பதை, 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்தையே சூழ்ந்த வெள்ளம் காட்டியது. அதன்பின் 2012இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டத்தில்தான் பெத்தகான பூங்கா உருவானது. பால்மா வாங்கும்போதுகூட வரி கட்டி அந்தக் கடனை அடைப்பவர்கள் இதே பெற்றோர்தான். அவர்களிடமே வாசலில் மீண்டும் டிக்கெட் கேட்பது என்ன நியாயம்? கட்டணம் சிறிது என்பார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் முச்சக்கர வண்டியில் போய் வரும் செலவையும் அதோடு கூட்டிப் பார்க்கட்டும்.

வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. விளக்கிச் சொல்ல ஆளில்லாவிட்டால் பிள்ளைகள் பலகைப் பாதையைப் பத்து நிமிடத்தில் நடந்து முடித்து, கைபேசியைக் கேட்பார்கள். பறவையை அடையாளம் காண்பது, சிறு வலையால் குளத்து நீரை அள்ளிப் பூச்சிகளைப் பார்ப்பது, சின்னவர்களுக்கு இலை வைத்துப் படம் வரைவது எனக் குடும்பமாகச் செய்ய ஏதாவது வேண்டும். சிங்களத்தில் எவ்வளவு விளக்கமோ அவ்வளவு தமிழிலும் வேண்டும். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி எத்தனை காலமாகிவிட்டது!

பராமரிப்புக்குப் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. ஆண்டு முழுவதும் இலவசமாக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. விடுமுறை நாட்களில் காலை மூன்று மணி நேரம் போதும். வெளிநாட்டுப் பயணிகளிடம் அப்போதும் கட்டணம் வாங்கட்டும். வழிகாட்ட, 1976 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் களப் பறவையியல் குழு போன்ற அமைப்புகளையும் தமிழ் பேசும் பல்கலைக்கழக மாணவர்களையும் அழைக்கலாம்.

இந்தப் பூங்காக்களை நடத்தும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனமும் வரும் ஆகஸ்டிலேயே இதைத் தொடங்க வேண்டும். மாநகர சபை தன் பங்குக்கு வெள்ளவத்தைச் சந்தையடியிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் காலையில் ஒவ்வொரு பஸ் விடட்டும்.