பெட்டி மாறலாம், பதிவேடு தொலையக் கூடாது

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வருடமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொண்டிருந்தது. மொட்டை மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் குடை, உள்ளே ஒரு ட்யூனர் கார்டு, லினக்ஸில் மித்டிவி என்ற இலவச மென்பொருள். அவ்வளவுதான். போன மாதம் அது தானாக அணைய ஆரம்பித்தது. சரி, ஓய்வு கொடுத்துவிடலாம் என்று கையடக்கமான மினி பிசி ஒன்று வாங்கினேன்.

பழைய பிசிஐ கார்டைச் செருக அதில் இடமே இல்லை. யூஎஸ்பி ட்யூனர் தனியாக வாங்கினேன். அது பணத்தோடு தீர்ந்த விஷயம். பதிவுகளை மாற்றுவதில்தான் பாடம் படித்தேன்.

ஏறத்தாழ 600 ஜிபி. இரவு முழுக்க நகல் எடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கை அழித்துப் பெட்டியை விற்றுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏதோ தோன்றி, நகலை ஒருமுறை திறந்து பார்த்தேன். எல்லாமே எண்கள். மித்டிவி, கோப்புக்கு சேனல் எண்ணையும் தேதி, நேரத்தையும் சேர்த்துத்தான் பெயர் வைக்கும். நிகழ்ச்சியின் தலைப்பும் விவரமும் தனியே ஒரு டேட்டாபேஸில் இருக்கும். அதை நான் எடுக்கவே இல்லை!

ஆசிரிய நண்பர்களுக்கு உடனே புரியும். பொதுத்தேர்வு விடைத்தாளில் டம்மி நம்பர் மட்டும் இருக்கும். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது வேறு இடத்தில் இருக்கும். அது தொலைந்தால் கட்டுக்கட்டாக விடைத்தாள் இருந்தும் பயனில்லை.

டேட்டாபேஸை முறையாக பேக்கப் எடுத்துப் புதியதில் ஏற்றினேன். பட்டியல் அழகாக வந்தது. ஆனால் ஒன்றும் ஓடவில்லை. எந்தப் பதிவு எந்தக் கணினியில் இருக்கிறது என்பதைக் கணினியின் பெயரோடு அது குறித்து வைத்திருக்கிறது. புதிய பெட்டிக்கு நான் வேறு பெயர் வைத்திருந்தேன். பழைய பெயருக்குப் பதில் புதிய பெயரைக் கொடுத்து மறுபடி ஏற்றிய பிறகுதான் ஓடியது.

"யூடியூப்ல எல்லாம் இருக்கே, எதுக்குப்பா இந்தச் சிரமம்?" என்றான் மகன். எல்லாம் இல்லை. 2013-இல் பொதிகையில் என் மனைவி இருபது நிமிடம் பேசினாள், கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த அனுபவத்தைப் பற்றி. அவள் போய் மூன்று வருடமாகிறது. அந்தப் பேச்சை இணையத்தில் தேடாத இடமில்லை. என் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. அன்று அழித்திருந்தால்? நினைத்தாலே கை நடுங்குகிறது. மகனும் உட்கார்ந்து முழுவதும் பார்த்தான். அதன் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு நண்பர் டிடிஎச் ரெக்கார்டர் பெட்டியில் பதிவு செய்து வைத்திருந்தார். பெட்டி பழுதானதும் எல்லாம் போயிற்று. அந்தப் பதிவுகள் பூட்டப்பட்டவை, வேறு பெட்டியில் ஓடாது. மாதாமாதம் பணம் கட்டியவர் அவர், சாவி வேறொருவரிடம். என் முறையில் சிரமம் அதிகம்தான். ஆனால் சாவி என் கையில்.

என் கருத்து இதுதான். பொருளைச் சேர்ப்பதைவிட, எது என்ன என்று எழுதி வைப்பது முக்கியம். போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான போட்டோக்களுக்கும் இது பொருந்தும். புதிய பெட்டியில் நாலைந்து பதிவுகளை ஓடவிட்டுப் பார்க்காமல் பழையதை அழிக்காதீர்கள். வேண்டியவற்றை மட்டும் புரியும் பெயரிட்டு இன்னொரு டிஸ்க்கிலும் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

நான் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வைத்துவிட்டேன். மகனுக்கும் காட்டியாயிற்று.